ஒரு தலைப்பாகையும் ஒரு புள்ளியும்: ஒளிப்பட மாற்றத்தின் இந்திய வரலாறு குறித்துச் சில சிந்தனைகள்

ஆண்டுதோறும் மார்ச் 23 வரும்போது பகத்சிங்கின் முகம் நம் கைப்பேசித் திரைகளில் புதிதாக வண்ணம் பெறுகிறது. இலவச இணையக் கருவி ஒன்றில் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை ஏற்றினால் போதும். சில நொடிகளில் கன்னம் சிவக்கிறது, சட்டை நீலமாகிறது, கண்கள் ஒளிர்கின்றன. இன்னொரு கருவியில் ஏற்றினால் அந்த முகம் இமைக்கிறது, மெல்லத் திரும்புகிறது, புன்னகைக்கிறது. 2021 பிப்ரவரியில் ‘டீப் நாஸ்டால்ஜியா’ என்ற கருவி வெளிவந்தபோது, விவேகானந்தர் முதல் பகத்சிங் வரை பலரின் படங்கள் இப்படி அசைந்து இந்தியா முழுவதும் பகிரப்பட்டது நண்பர்கள் பலருக்கு நினைவிருக்கும்.

இது விளையாட்டு என்று சொல்லிக் கடந்துவிடலாம். விளையாட்டுத்தான், அதில் குற்றம் காண நான் வரவில்லை. ஆனால் வரலாற்று, மொழியியல் ஆய்வேடுகளிலும் கருத்தரங்கத் திரைகளிலும் பாடநூல் அட்டைகளிலும் இப்படங்கள் மூலப்படங்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டு வருகின்றன. ஆகவே மாற்றப்பட்ட படம் எப்போது சான்று, எப்போது கற்பனை என்ற கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும். இந்தியாவில் இக்கேள்விக்கு ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டு வரலாறு இருக்கிறது. அதன் சில பக்கங்களை இங்கே புரட்டிப் பார்க்கிறேன்.

பகத்சிங்கிலிருந்தே தொடங்கலாம். அவரது எழுத்துகளைத் தொகுத்த பேராசிரியர் சமன் லால், உண்மையான ஒளிப்படங்கள் நான்கு மட்டுமே என்று தொடர்ந்து எழுதிவருகிறார். சிறுவயதுப் படம் ஒன்று. லாகூர் தேசியக் கல்லூரி நாட்களின் குழுப்படம் ஒன்று. 1927இல் காவலில் இருந்தபோது கட்டிலில் அமர்ந்த நிலையில் எடுத்தது ஒன்று. 1929 ஏப்ரலில், மத்தியச் சட்டமன்றத்தில் குண்டு வீசுவதற்குச் சில நாட்களுக்கு முன், தில்லி காஷ்மீரி கேட் பகுதி ஒளிப்பட நிலையத்தில் தொப்பியுடன் எடுத்தது ஒன்று. இந்த நான்கில் கல்லூரிக் குழுப்படத்தில் அவர் தலைப்பாகை கட்டியிருக்கிறார். அது வெளிர்நிறத் தலைப்பாகை. ஆனால் பிற்காலச் சுவரொட்டிகளிலும் நாட்காட்டிகளிலும் நாம் காண்பது மஞ்சள் அல்லது காவித் தலைப்பாகை. ஓவியர் தீட்டிய நிறம் சுவரொட்டிக்குப் போனது. சுவரொட்டியின் நிறம் பொதுநினைவுக்குப் போனது. இன்று வண்ணமேற்றிய படங்களில் அந்த நிறம் ‘ஒளிப்படம்’ என்ற தகுதியோடு திரும்பி வருகிறது. தொப்பியா தலைப்பாகையா, மஞ்சளா காவியா என்பது அலங்காரம் பற்றிய வழக்கன்று. அவரை எந்த அரசியல் மரபுக்கு உரியவராகக் காட்டுவது என்ற வழக்கு அது. ஒரு நிறம் ஒரு மனிதரின் கொள்கையையே இடம் மாற்றி வைத்துவிட முடியும்.

இதைச் சொன்னவுடன், ‘அந்தக் காலத்தில் கேமரா உள்ளதை உள்ளபடி காட்டியது, கணினி வந்துதான் கெட்டது’ என்ற ஏக்கம் எழக்கூடும். அதற்கு வரலாறு இடம் தரவில்லை.

1839இல் பாரிசில் டாகெர் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே கல்கத்தாவில் அதற்குரிய கருவிகள் விற்பனைக்கு வந்தன. 1854இல் பம்பாயிலும் 1856இல் வங்காளத்திலும் சென்னையிலும் ஒளிப்படக் கழகங்கள் தோன்றின. இத்தனை விரைவாக வேரூன்றிய கலையில் மாற்றமும் தொடக்கத்திலேயே உடன் வந்தது. 1857 நவம்பரில் இலக்னோவின் சிக்கந்தர் பாக் கட்டடத்தில் ஏறத்தாழ இரண்டாயிரம் கிளர்ச்சிச் சிப்பாய்கள் கொல்லப்பட்டனர். ஃபெலிசே பியாட்டோ அங்கே தம் கேமராவை வைத்தது சில மாதங்கள் கழித்து, 1858இல். அவரது புகழ்பெற்ற படத்தில் முற்றமெங்கும் மண்டையோடுகளும் எலும்புகளும் சிதறிக் கிடக்கின்றன. படம் எடுப்பதற்காகவே அந்த உடல்கள் மண்ணிலிருந்து வெளியே கொண்டுவரப்பட்டன என்பதைச் சமகாலக் குறிப்பு ஒன்று காட்டிக்கொடுக்கிறது. நெகட்டிவில் ஒரு கீறல்கூட இல்லை. மாற்றப்பட்டது கேமராவின் முன்னிருந்த உலகம். அந்தப் படம் போரின் கணத்தைக் காட்டுவதாக நம்பியவர்கள், உண்மையில் ஓர் ஏற்பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதே ஆண்டில் தெற்கே லின்னேயஸ் டிரைப் வேறொரு வேலையில் ஈடுபட்டிருந்தார். சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரரான அவர், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே காட்சியாக ஆக்கினார். இன்று கைப்பேசியில் ‘பனோரமா’ பொத்தானை அழுத்தினால் நிகழும் வேலையை அவர் கையால் செய்தார். அதே டிரைப் தம் நிலக்காட்சி நெகட்டிவ்களில் வண்ணப்பொருள் கொண்டு மேகங்களை வரைந்தவர் என்பதும் ஆய்வாளர்கள் அறிந்த செய்தி. இதற்குக் காரணம் இருந்தது. அன்றைய நெகட்டிவ்களில் வானம் அளவுக்கு மீறிப் பதிந்து, அச்சில் வெறும் வெள்ளைத்தாளாகவோ திட்டுத்திட்டாகவோ நின்றுவிடும். கண் கண்ட மேகத்தைக் கேமரா பதியவில்லை. எனவே கை அதைத் திருப்பித் தந்தது. ஒரே மனிதர், ஒரே தொழில், இரண்டு வேறு மாற்றங்கள்: முதலாவது கல்லில் இருந்ததை ஒழுங்குபடுத்திக் காட்டியது, இரண்டாவது நெகட்டிவில் இல்லாததைச் சேர்த்தது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் மையம் அதுதான்.

வடக்கேயும் மேற்கேயும் சேர்த்தல் ஒரு தனிக்கலையாகவே வளர்ந்தது. சிற்றோவிய மரபில் வந்த ஓவியர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒளிப்படங்களின் மேல் வண்ணம் தீட்டத் தொடங்கினர். சில படங்களில் முகம் தவிர மற்றனைத்தும் வண்ணத்தின் அடியில் மறைந்துபோயின. கம்பளமும் திரைச்சீலையும் நகைகளும் தூரிகையின் ஆக்கம். நாத்துவாராவில் ஸ்ரீநாத்ஜி வழிபாட்டுக் காட்சியை ஓவியமாகத் தீட்டி, வந்திருந்த பக்தரின் முகத்தை மட்டும் ஒளிப்படத்திலிருந்து வெட்டி ஒட்டிக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. ஜூடித் மாரா கட்மன் 1982இல் வெளியிட்ட நூலில் இவற்றை இந்தியர்களுக்கே உரிய பார்வையின் வெளிப்பாடாகக் கண்டார். கிறிஸ்டோபர் பின்னி 1997இல் வெளிவந்த ‘கேமரா இண்டிகா’வில், மத்தியப் பிரதேசத்தின் நாக்தா நகர ஒளிப்பட நிலையங்கள் இரட்டைப் பதிவுகளாலும் ஒட்டுப்படங்களாலும் மனிதர்களை எப்படியெல்லாம் மறுபடைப்புச் செய்தன என்று விரிவாக எழுதினார். இறந்த தந்தையையும் பிறகு திருமணம் செய்த மகனையும் ஒரே சட்டத்தில் அமர்த்திய ஸ்டூடியோக்காரர்கள் நம் ஊர்களிலும் இருந்தனர். பென்சிலால் நெகட்டிவைத் தொட்டு முகத்தழும்பை மறைத்த கைகள் எத்தனையோ.

இவற்றை யாரும் பொய் என்று அழைக்கவில்லை. ஏன்? வண்ணம் தீட்டியவரும் தீட்டச் சொன்னவரும் ஒரே உலகில் வாழ்ந்தவர்கள். அந்த அவையில் எந்த விழாவுக்கு எந்த நிறத் தலைப்பாகை என்பதை ஓவியர் அறிந்திருந்தார். அறியாவிட்டால் கேட்டுக்கொள்ள வழி இருந்தது. மேலும் தூரிகையின் தடம் கண்ணுக்குத் தெரிந்தது. பார்ப்பவர் இது ஒளியின் வேலை, இது கையின் வேலை என்று பிரித்தறிய முடிந்தது.

இன்றைய வண்ணமேற்றும் கருவிகளில் இந்த இரண்டும் இல்லாமல் போயின. அவை எப்படி இயங்குகின்றன என்பதைச் சற்று விளக்க வேண்டும். ஒரு வண்ணப்படத்தை ஒளிர்வு ஒரு தளமாகவும் நிறம் இரண்டு தளங்களாகவும் பிரிக்கலாம். கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒளிர்வுத் தளம் மட்டுமே இருக்கிறது. மற்ற இரண்டையும் கருவி ஊகிக்கிறது. 2016இல் ரிச்சர்ட் ஜாங், பிலிப் ஐசோலா, அலெக்சி எஃப்ராஸ் ஆகியோர் வெளியிட்ட முறை, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வண்ணப்படங்களிலிருந்து இந்த ஊகத்தைக் கற்றது. 2018இல் ஜேசன் ஆண்டிக் வெளியிட்ட ‘டீஓல்டிஃபை’ இதை எவரும் இலவசமாகப் பயன்படுத்தும் நிலைக்குக் கொண்டுவந்தது. புல் பச்சை, வானம் நீலம் என்று ஊகிப்பது எளிது. ஒரு சேலையின் நிறத்தை எப்படி ஊகிப்பது? அது அரக்காகவும் இருக்கலாம், மயில் கழுத்து நிறமாகவும் இருக்கலாம். எல்லா வாய்ப்புகளுக்கும் சராசரி எடுத்தால் கிடைப்பது மங்கிய பழுப்பு. தொடக்ககாலக் கருவிகளின் படங்கள் சாயம் போன துணிபோல் இருந்ததற்கு இதுவே காரணம். பின்னர் வந்தவை சராசரியை விட்டு, துணிந்து ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொண்டன. படம் அழகானது, ஊகம் ஊகமாகவே நின்றது.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று வேதியியலில் இருக்கிறது. 1851இல் பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் அறிமுகப்படுத்திய கொலோடியன் தகடுகள் நீல ஒளியையும் ஊதாவையும் மட்டுமே நன்கு உணர்ந்தன. சிவப்பும் மஞ்சளும் அவற்றில் கருமையாகவே பதிந்தன. 1873இல் ஹெர்மன் ஃபோகல் சாயங்களைச் சேர்த்து உணர்திறனைப் பச்சைவரை நீட்டினார். எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் 1906இல்தான் சந்தைக்கு வந்தன. அதாவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இந்தியப் படங்களில் கருப்பாகத் தெரியும் நெற்றிக்குறி குங்குமமாக இருக்கலாம். இருண்ட துணி பளிச்சென்ற மஞ்சளாக இருந்திருக்கலாம். இன்றைய வண்ணப்படங்களிலிருந்து கற்ற கருவிக்கு இது தெரியாது. இருண்டதை இருண்ட நிறம் என்றே அது எடுத்துக்கொள்ளும்.

தோலின் நிறத்துக்கும் இது பொருந்தும். நீலம் மட்டும் உணரும் தகட்டில் பழுப்புத் தோல் உள்ளதைவிடக் கருமையாகப் பதியும். ஃபோர்ப்ஸ் வாட்சனும் ஜான் வில்லியம் கேயும் தொகுத்து 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த ‘தி பீப்பிள் ஆஃப் இந்தியா’, நானூற்றுக்கும் மேற்பட்ட படங்களோடு நம் மக்களைச் சாதியாகவும் குலமாகவும் இனமாகவும் அடுக்கி வைத்தது. அந்தப் படங்களின் கருமையில் ஒரு பங்கு மனிதர்களுடையது. ஒரு பங்கு வெள்ளி உப்பினுடையது. இன்று அவற்றுக்கு வண்ணமேற்றி ‘நம் முன்னோர் இப்படித்தான் இருந்தனர்’ என்று பகிரும்போது, காலனிய வகைப்பாட்டின் கருவிப்பிழையை இயற்கை நிறமாக்கி முத்திரை குத்திவிடுகிறோம். எதிர்த்திசையிலும் ஆபத்து உண்டு. 2020 ஜூனில் ‘பல்ஸ்’ என்ற கருவியிடம் பராக் ஒபாமாவின் மங்கலான படத்தைக் கொடுத்துத் தெளிவாக்கச் சொன்னபோது, அது ஒரு வெள்ளையரின் முகத்தைத் திருப்பித் தந்தது. கருவி எந்த முகங்களிலிருந்து கற்றதோ அந்த முகங்களையே எங்கும் காண்கிறது. இந்த அனுபவத்துக்குப் பிறகும், ஆவணக்காப்பகத்து முகங்களை ‘தெளிவாக்கி’ ஆய்வேட்டில் சேர்ப்பவர்கள் தாம் யாருடைய முகத்தைச் சேர்க்கிறோம் என்று ஒரு கணம் நின்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் படக்கருவிகளையே தொடக்கூடாதா? ஒருபோதும் அப்படிச் சொல்லமாட்டேன். 1990இல் நோல் சகோதரர்களின் ஃபோட்டோஷாப் வந்தது. அதன் தொடக்கத்திரையில் சீதாராமன் நாராயணன் என்ற பெயரைப் பார்த்தே ஒரு தலைமுறை இந்தியர் அந்த மென்பொருளோடு உறவு கொண்டாடினர். அதை வாங்க இயலாத மாணவர்களுக்கு, பெர்க்லியில் ஸ்பென்சர் கிம்பலும் பீட்டர் மாட்டிஸும் உருவாக்கி 1996இல் வெளியிட்ட ‘கிம்ப்’ பெரும் வாய்ப்பைத் திறந்தது. இவான் குட்ஸ்கிர் உருவாக்கிய ‘ஃபோட்டோபீ’ உலாவியிலேயே இயங்குகிறது. எதையும் நிறுவ வேண்டியதில்லை. கணினி ஆய்வகம் இல்லாத கல்லூரி மாணவரும் இன்று ஒரு கல்வெட்டுப் படத்தின் ஒளிர்வையும் மாறுபாட்டையும் சரிசெய்து எழுத்தைப் படிக்கலாம். அமெரிக்கத் தேசிய நல்வாழ்வு நிறுவனத்தில் உருவான ‘இமேஜ்ஜே’ என்ற இலவச மென்பொருளும், அதனோடு இயங்கும் ஜான் ஹார்மனின் ‘டீஸ்ட்ரெச்’சும் பாறை ஓவிய ஆய்வாளர்களுக்குப் பெருந்துணை. வெறுங்கண்ணுக்குப் புலப்படாமல் மங்கிப்போன காவிக்கோட்டை, படத்தில் ஏற்கெனவே பதிந்துள்ள நிற வேறுபாடுகளை விரித்துக் காட்டுவதன் மூலம் டீஸ்ட்ரெச் மீட்டுத் தருகிறது. பாறை நீலமாகவும் ஓவியம் செஞ்சிவப்பாகவும் மாறலாம். அந்த நிறங்கள் பொய்தான். ஆயினும் கோடு பொய்யன்று. அது படத்தில் இருந்தது.

டிரைப்பின் இரண்டு வேலைகளுக்கும் இடையே கண்ட வேறுபாடு இங்கே மீண்டும் வருகிறது. உள்ள தகவலை விரித்தோ நகர்த்தியோ காட்டும் மாற்றங்கள் ஒருவகை. இல்லாத தகவலை வேறு படங்களிலிருந்து கொண்டுவந்து நிரப்பும் மாற்றங்கள் மற்றொருவகை. வண்ணமேற்றல், முகம் கூர்மையாக்கல், கிழிந்த பகுதியை நிரப்பல் ஆகியவை இரண்டாம் வகை. இவற்றோடு மூன்றாவதாக ஒன்றும் உண்டு: இருப்பதை நீக்கும் மாற்றங்கள். என் துறையில் இதுவே மிகப்பெரிய ஆபத்து.

ஓர் எடுத்துக்காட்டு. கிம்ப் உள்ளிட்ட பல கருவிகளில் ‘டெஸ்பெக்கிள்’ என்ற வடிகட்டி இருக்கிறது. சுற்றியுள்ள பகுதியோடு ஒட்டாமல் தனித்து நிற்கும் சிறு புள்ளிகளை அது தூசி என்று கருதி, அண்டைப் பகுதியின் நிறத்தால் மூடிவிடும். பழைய படத்தைச் சுத்தமாக்க இது அருமையான வழி. ஆனால் தமிழ்க் கல்வெட்டில் தனித்து நிற்கும் சிறு புள்ளி என்பது என்ன? மெய்யெழுத்தின் புள்ளியாக இருக்கலாம்! நம் கல்வெட்டுகள் பெரும்பாலும் புள்ளியிடாமல் எழுதப்பட்டவை. எகர ஒகரங்களின் குறில் நெடிலும் அவற்றில் பொதுவாக வேறுபடுவதில்லை. அதனாலேயே எங்கேனும் புள்ளி காணப்பட்டால் அது எழுத்து வரலாற்றுக்கு அரிய சான்று. ஐராவதம் மகாதேவன் தமிழ்-பிராமி எழுத்துமுறையின் வளர்ச்சிக் கட்டங்களை வரிசைப்படுத்தியபோது புள்ளியின் வருகையை ஓர் அடையாளமாகவே கொண்டார். ஒரு கல்வெட்டு எந்தக் கட்டத்தைச் சேர்ந்தது என்ற முடிவு சில இடங்களில் அந்தச் சிறு குழியைச் சார்ந்து நிற்கிறது. அதை ஒரு வடிகட்டி தூசியென்று துடைத்துவிட்டால், துடைக்கப்பட்டது தூசியா நூற்றாண்டா? செயற்கை நுண்ணறிவால் படத்தைப் பெரிதாக்கும் கருவிகளோ இன்னும் ஒரு படி மேலே செல்லக்கூடும். தேய்ந்த எழுத்தைத் தாம் அறிந்த வடிவத்தை நோக்கி இழுத்து, படியெடுத்தவரும் பார்க்காத எழுத்தை நமக்கு வாசிக்கத் தரும்.

மொழியியலில் சான்றுநிலை என்றொரு கருத்து உண்டு. ஒரு செய்தியைச் சொல்பவர் அதைக் கண்டாரா, கேட்டாரா, ஊகித்தாரா என்பதை இலக்கண வடிவத்தாலேயே காட்டும் மொழிகள் உலகில் பல. இந்தியாவில் லடாக்கி மொழி கண்ணால் கண்டதற்கு ஒரு துணைவினையையும், பிற புலன்களால் உணர்ந்ததற்கு வேறொரு துணைவினையையும் வைத்திருக்கிறது. தமிழில் ‘வந்தான்’ என்பதற்கும் ‘வந்தானாம்’ என்பதற்கும் உள்ள தூரத்தைக் குழந்தைகூட அறியும். ‘ஆம்’ என்ற அந்தச் சிறு ஈறு, இது நான் கண்டதன்று, பிறர் சொல்லக் கேட்டது என்று பொறுப்பைப் பிரித்துக் காட்டுகிறது. ஊகத்துக்குப் ‘போலும்’ இருக்கிறது. முன்னோர் கூற்றைச் சொல்லும்போது தொல்காப்பியர் ‘என்ப’ என்கிறார். தான் சொல்வதன் மூலம் எங்கிருக்கிறது என்பதைச் சொல்லாமல் சொல்லும் ஒழுக்கம் நம் மொழிக்குப் பழையது.

ஒளிப்படத்துக்கு இத்தகைய ஈறு இல்லை. படம் எப்போதும் ‘வந்தான்’ என்றே பேசுகிறது. பழைய ஓவியர்களின் தூரிகைத்தடம் ஒருவகையில் ‘ஆம்’ என்ற ஈறாக நின்றது. இன்றைய கருவிகளின் திறமையே அந்தத் தடத்தை அழிப்பதில் இருக்கிறது. விவான் சுந்தரம் தம் பாட்டனார் உம்ராவ் சிங் ஷேர்கில் எடுத்த குடும்பப் படங்களைக் கணினியில் இணைத்து, வெவ்வேறு காலத்து அம்ரிதா ஷேர்கிலை ஒரே அறையில் நிறுத்தி 2001 முதல் உருவாக்கிய வரிசைக்கு ‘ரீ-டேக் ஆஃப் அம்ரிதா’ என்று பெயரிட்டார். மறுபதிவு என்று தலைப்பே சொல்லிவிடுகிறது. ஒரு கலைஞர் படங்களோடு விளையாடியபோது காட்டிய இந்த நேர்மையை ஆய்வாளர்கள் தம் படங்களுக்கும் காட்ட வேண்டும் என்று கேட்பது மிகையாகாது.

ஆகவே ஆய்வு மாணவர்களுக்கு என் வேண்டுகோள் எளியது. மூலப்படத்தை ஒருபோதும் மேலெழுதாதீர்கள். பிரதியில் மட்டும் வேலை செய்யுங்கள். எந்தக் கருவி, எந்த வடிகட்டி, எந்த அளவு என்பதை ஒரு வரியில் எழுதி வைத்து, ஆய்வேட்டில் படத்தின் கீழ் அதை அச்சிடுங்கள். வண்ணமேற்றிய அல்லது கூர்மையாக்கிய படத்தைக் காட்டினால் மூலத்தையும் அருகில் வையுங்கள். கல்வெட்டுப் படங்களில் புள்ளி நீக்கும் வடிகட்டிகளைப் பயன்படுத்தாதீர்கள். வழிகாட்டிகளும் தேர்வாளர்களும் மேற்கோளுக்குப் பக்க எண் கேட்பதுபோல், படத்துக்கு இந்த வரியைக் கேட்கத் தொடங்கினால், ஓரிரு ஆண்டுகளில் இது பழக்கமாகிவிடும்.

பிறகு விளையாடுவோம். பகத்சிங்கின் தொப்பிக்கு விரும்பிய நிறத்தைக் கொடுத்துப் பார்க்கலாம். சிக்கந்தர் பாக் முற்றத்தின் வானத்தை நீலமாக்கிப் பார்க்கலாம். அவற்றைப் பிறருக்கு அனுப்பும்போது மட்டும் படத்தின் கீழே அந்த ஒற்றை ஈற்றை மறவாமல் சேர்த்துவிடுவோம்: இப்படி இருந்ததாம்.